'இலவச முதுகுத்தண்டுப் பரிசோதனை' என்று கூப்பிட்டால் யோசித்துப் போங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் சந்தைக்குப் பக்கத்தில் அந்த பேனரை மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். போன முறை போய் ஏமாந்தவன் நான். மையத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். சரி, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு 51 வயது. செம்பனைத் தோட்டத்தில் லோரிக்குக் குலை ஏற்றும் வேலை. ஒரு வியாழக்கிழமை குனிந்தவன் நிமிர முடியவில்லை. தைலம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அந்த பேனரில் போட்டிருந்த இலவசப் பரிசோதனை முகாமுக்குப் போனேன். அங்கிருந்து வேனில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டு போனார்கள். எக்ஸ்ரே இலவசம். எடுத்து முடித்ததும் கவுண்டர் பெண், "எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது அங்கிள், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் உறுதி. இன்றைக்கு மட்டும் 980 வெள்ளி (ரிங்கிட்)" என்றாள். மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போனது.

ரிப்போர்ட்டில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) தேய்மானம், இரண்டு இடத்தில் பிதுக்கம் என்று இருந்தது. "இப்படியே விட்டால் கால் விழுந்துவிடும்" என்றார்கள். பயத்தில் 10 முறை இழுவை சிகிச்சைக்கு 2,800 வெள்ளி கட்டினேன். அதுவரை அங்கே ஒருவர்கூட என் முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று முறை போனேன். மற்ற நாளெல்லாம் அசைந்தால் டிஸ்க் நழுவிவிடும் என்று படுத்தே கிடந்தேன். வலி கூடியது. பக்கத்து வீட்டு அண்ணன்தான் திட்டி அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போனார். கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே இருந்த சின்ன வயது டாக்டர் பிள்ளை படத்தை ஓரமாக வைத்துவிட்டு என்னை நடக்கச் சொன்னது, குதிகாலில் நிற்கச் சொன்னது, மல்லாக்கப் படுக்க வைத்து காலைத் தூக்கிப் பார்த்தது. மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா, உட்காரும் இடத்தில் மரத்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, விழுந்தீர்களா, முன்பு புற்றுநோய் வந்ததா என்று கேட்டது. இதில் ஏதாவது இருந்தாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ உடனே படம் எடுக்க வேண்டும், அதிலும் மூத்திரம் அடைத்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதாம். எனக்கு எதுவும் இல்லை. இந்த மாதிரி வலிக்கு முதல் ஆறு வாரம் ஸ்கேனே தேவையில்லை, பெரும்பாலும் தானாகக் குறையும், படுத்துக் கிடக்காமல் நடமாடுங்கள் என்றது.

"அப்போது இந்தப் பிதுக்கம்?" என்று கேட்டேன். வயதானால் வரும் நரை மாதிரிதான் என்று சிரித்தது. மகள் பிறகு தேடிப் படித்துக் காட்டினாள். 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, முதுகு வலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் 100க்கு 80 பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 பேருக்குப் பிதுக்கம். அப்படியானால் என் வயதில் யாரைப் படம் எடுத்தாலும் விற்க ஏதாவது கிடைக்கும்!

ஐந்தாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். மீதி ஏழு முறைக்கான பணத்தைக் கேட்டு போன் செய்தேன். பணம் திரும்பாது, வேண்டுமானால் வீட்டில் வேறு யாராவது வரலாம் என்றாள் அதே கவுண்டர் பெண். என் மனைவிக்கு முதுகு வலி இல்லையே என்றேன்.

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே, அங்கிள்."