பார்க்கின்சன் பிரிவில் ஆராய்ச்சி நர்ஸா, ஸ்பெஷலிஸ்ட் நர்ஸா?

இங்கிலாந்தில் வார்டு வேலை அலுத்துப்போய், பார்க்கின்சன் என்ற நரம்பு நோய்ப் (கைகால் நடுங்கும், உடம்பு இறுகும்) பக்கம் வரப் பார்க்கும் நர்ஸ்கள் முதலில் விசாரிப்பது சம்பளத்தைத்தான். அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் ஆராய்ச்சி நர்ஸ் பெரும்பாலும் பேண்ட் 6 (பேண்ட் என்பது சம்பளப் படிநிலை), ஸ்பெஷலிஸ்ட் 6 அல்லது 7. நைட் ஷிப்டும் அநேகமாக இரண்டிலும் இல்லை.

சரி, எதில்தான் வித்தியாசம்? மாத்திரையில். ஆராய்ச்சி நர்ஸ் வேலை பார்க்கும் மருந்து ஆய்வுகளில் 'ஆஃப்' விசிட் என்று ஒன்று உண்டு. குறைந்தது 12 மணி நேரம் பார்க்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபா போடாமல் நோயாளி காலையில் வந்து உட்காருவார், மருந்து இல்லாதபோது உடம்பு எப்படி இருக்கிறது என்று அளப்பதற்காக. கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைப் பத்துத் தடவை வேகமாகத் தட்டச் சொன்னால் நாலைந்து தட்டிலேயே விரல் தயங்கி நிற்கும், கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியை விட்டு எழச் சொன்னால் இரண்டு மூன்று முறை முயன்று பின்னால் சாய்வார், பக்கத்தில் மனைவி மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நம் முகத்தையே பார்ப்பார். போதும் என்று நோயாளி சொன்னால் அந்த நிமிடமே நிறுத்தியாக வேண்டும், அது அவர் உரிமை. பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை.

ஸ்பெஷலிஸ்ட் நர்ஸின் வேலை இதற்கு நேர் எதிர். மாத்திரை அரை மணி நேரம்கூடத் தள்ளிப்போகக் கூடாது என்று வார்டு வார்டாகப் போய் மல்லுக்கட்டுவது, காலையில் உடம்பு இறுகுகிறது என்று போன் வந்தால் டாக்டரோடு பேசி டோஸ் நேரத்தை மாற்றுவது, அப்புறம் விழுங்க முடியவில்லை, இல்லாத ஆள் தெரிகிறார் என்று வரும் அடுத்த போன். ஓய்வே இருக்காது.

நிதானமாக ஒரே நோயாளியோடு இருக்க ஆசையென்றால் ஆராய்ச்சிதான், அவரோடு அரை நாள்கூடக் கிடைக்கும். ஆனால் நுணுக்கமான சின்ன வேலைகளுக்குப் பொறுமை வேண்டும். முதுகுத்தண்டு நீரைப் பாலிபுரோப்பிலீன் குழாயில்தான் பிடிக்க வேண்டும், சில பிளாஸ்டிக்குகளில் புரதம் ஒட்டிக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டிவிடும். கடுமையான பாதிப்பு ஏதாவது தெரிய வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வுக்குப் பொறுப்பான ஸ்பான்சருக்கு அறிக்கை போக வேண்டும்.

என்னைக் கேட்டால் ஆராய்ச்சியின் பெரிய குறை இந்தக் காகித வேலை இல்லை, உறவு பாதியில் அறுந்துபோவதுதான். உதாரணத்துக்கு, ஹண்டிங்டன் என்ற இன்னொரு மூளை நோய்க்கான டோமினெர்சன் மருந்து ஆய்வில் 2021 மார்ச்சில் ரோஷ் நிறுவனம் மருந்து கொடுப்பதை நிறுத்தியது. முதுகில் ஊசி குத்திக்கொண்டு நம்பி வந்தவர்கள் அவர்கள். இப்படி ஒரு ஆய்வு நின்றால், போனில் பேசும் குடும்பத்துக்கு ஆராய்ச்சி நர்ஸிடம் கொடுக்க அடுத்த மருந்து இருக்காது. ஸ்பெஷலிஸ்டிடமும் நோயைக் குணமாக்கும் மருந்து இல்லைதான், ஆனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் இருக்கும்.

அதனால் முதலில் இரண்டு வருடமாவது கிளினிக்கில் இருந்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போங்கள் என்பேன். நேர்முகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது நிரந்தர வேலையா, ஆய்வுப் பணம் தீரும்வரைக்கும்தானா? ஆய்வு முடிந்ததும் நோயாளியை யார் பார்ப்பார்கள்? இரண்டாவதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.