கடற்கரை மணலில் தோட்டக்கலை மானியம்: வாங்கிப் பார்த்த அனுபவம்

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு என்பது தமிழ்நாட்டில் அநேகமாக எல்லோரும் அறிந்த செய்திதான். இராமநாதபுரம் கடற்கரையில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒன்றேகால் ஏக்கர் மணல் நிலம் வைத்திருக்கும் எனக்கு அந்த 100 சதவீதத்தில் எவ்வளவு பயன்பட்டது, எங்கே தட்டியது என்பதை, இதே பகுதியில் காய்கறியும் பழமும் பயிரிட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டு மாடிக்கு வாங்கிய தோட்டத் தளையை, அதாவது பை, விதை, உரம் எல்லாம் சேர்ந்த தொகுப்பைப் பற்றியும் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டரை ஏக்கருக்குள் நிலம் இருந்தால் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. அதற்கான சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்து வட்டாட்சியரிடமிருந்து பெற வேண்டும். அதோடு சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிப் புத்தக நகல், மண் மற்றும் நீர்ப் பரிசோதனை அறிக்கை ஆகியவையும் தேவை. கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இந்தப் பட்டியலில் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் சிட்டாவிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் நிலம் தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவில் இருந்தது. பங்காளிகளில் மூத்தவரான பெரியப்பா சவூதியில் இருக்கிறார். அவர் விடுப்பில் வந்து கையெழுத்திட்டு, அளவையர் வந்து அளந்து, உட்பிரிவு ஆகித் தனிப் பட்டா கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. மானிய விண்ணப்பத்துக்கு ஆன காலம் அதில் பாதிகூட இல்லை. இதற்காகத் தோட்டக்கலைத் துறையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனாலும் விண்ணப்பிக்க நினைப்பவர் முதலில் பட்டாவைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை நீட்டிச் சொல்கிறேன்.

இணையத்தில் பதிந்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். நிறுவனம் நிலத்தை அளந்து வரைபடமும் மதிப்பீடும் தரும். அலுவலர் பார்வையிட்டு வேலை உத்தரவு தருவார். குழாய் பதித்த பின் மீண்டும் வந்து, இடம் பதிவாகும்படி படம் எடுத்துக்கொள்வார். மானியம் நம் கைக்கு வராமல் நேரே நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. நிர்ணயிக்கப்பட்ட அலகுத் தொகைக்கு மேல் போனால் அந்த மிச்சம் மட்டும் நம்முடையது. எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஒரு ரூபாயும் யாரும் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

குறை வந்தது குழாயில். நான் தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் பணியாளர் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்காமல், வேறெங்கோ செம்மண் நிலத்துக்குப் போட்ட வரைபடத்தையே எனக்கும் போட்டுத் தந்தார். எங்கள் கிணற்றில் தண்ணீரோடு மாவு போன்ற மணலும் ஏறிவரும். அதைச் சுழற்றிப் பிரிக்கும் கருவியை வைக்காமல், சாதாரணச் சல்லடை வடிகட்டி ஒன்றோடு முடித்துவிட்டார்கள். இரண்டாம் மாதமே கத்திரிப் பாத்தியின் கடைசி வரிசை வாடியது. பக்கக் குழாயின் கடைமூடியைக் கழற்றியபோது முதலில் காற்று சீறியது, பிறகு சேறும் மணலும் கலந்த குழம்பு கொட்டியது. நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சொட்டுவான்களின் வாயில் உப்பு வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் பொடிந்து விழுந்தது. நான்கு முறை தொலைபேசியில் அழைத்தும் ஆள் வராததால், பிரிப்பானை என் செலவில் வாங்கிப் பொருத்தினேன். வாரத்துக்கு ஒருமுறை கடைமூடியைத் திறந்து கழுவிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

இருந்தும் இந்தக் கரையில் சொட்டுநீரைப் போல உதவும் ஏற்பாடு வேறில்லை என்பேன். இங்கே மணலுக்கடியில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டாரை நெடுநேரம் ஓட்டி வாய்க்காலில் பாய்ச்சினால் கீழே உள்ள உவர் மேலேறிவிடும்; பிறகு அந்தக் கிணறு தேற அடுத்த ஐப்பசி மழை வரவேண்டும். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி என்று கொஞ்சமாக இறைத்ததில் என் கிணறு சித்திரை வரை கரிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் திட்டத்தின் சிறந்த பகுதி வெளியே தெரியாமலே கிடக்கிறது. துணை நீர் மேலாண்மை என்ற பெயரில் மோட்டாருக்கு 15,000 ரூபாய், பாசனக் குழாய்க்கு எக்டருக்கு 10,000 ரூபாய், நீர்த்தேக்கத் தொட்டிக்கு 40,000 ரூபாய் வரை மானியம் உண்டு. குழாய்க் கிணற்றுக்கான 25,000 ரூபாய் நிலத்தடி நீர் பாதுகாப்பாக உள்ள குறுவட்டங்களுக்கு (பிர்க்காக்களுக்கு) மட்டுமே. கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துத் தேக்க வேண்டிய எங்கள் நிலத்துக்கு முதலில் தேவைப்படுவது தொட்டிதான். ஆனால் விண்ணப்பித்தபோது அதைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. நாம் கையிலிருந்து செலவழித்துக் கட்டிய பின்னரே பணம் வரும் என்பதால், கடன் வாங்கிக் கட்ட வேண்டியவர்கள் தயங்குவதும் இயல்பு.

பயிரைப் பொறுத்தவரை கத்திரியும் கொத்தவரையும் ஏமாற்றவில்லை. அவரை இலை ஓரம் கருகிப் போயிற்று. பழத்தில் சப்போட்டா, நெல்லி, இலந்தை ஆகியவை உவரைத் தாங்கும் என்பதால் அவற்றையே வரப்போரம் வைத்தேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் உள்ளே கரிசல் காட்டில் மானாவாரியாகவே விளைவது. அதைக் கடற்கரை மணலில் சொட்டுநீரில் வளர்க்கப் போகிறேன் என்று ஒரு நண்பர் சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாடித் தோட்டத் தளை 2021 டிசம்பரில் அறிமுகமானபோது, 900 ரூபாய் மதிப்புள்ளதை 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். வளர்ப்புப் பைகள், இரண்டு கிலோ தென்னைநார்க் கட்டிகள், ஆறு வகை விதைகள், உயிர் உரம் எல்லாம் அதில் இருந்தன. நார்க்கட்டியை அண்டாவில் ஊறப்போட்டால் தேநீர் நிறத்தில் சாறு இறங்கும். அந்த நீரைக் கொட்டி, மறுபடி நல்ல நீரில் அலச வேண்டும். நான் முதல் கட்டியைக் கிணற்று நீரில் அலசி, ஏற்கெனவே உப்புள்ள நாரில் மேலும் உப்பை ஏற்றிவிட்டேன். தக்காளி நாற்று நான்கே நாளில் சுருண்டது. குடத்தில் வாங்கும் காவிரி நீரில் அலசிய மற்றப் பைகளில் வெண்டையும் கீரையும் தை வரை வந்தன. கொடுத்த காசுக்கு இது தாராளம். ஆனால் உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து பைகளை இரண்டாம் கோடையிலேயே கிழித்துவிட்டன.

விண்ணப்பிக்க எண்ணுபவர்கள் ஆடிக்குள் தாள்களைத் தயார்செய்தால், மழைக்கு முன் குழாய் பதிந்துவிடும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை நிறுவனத்துக்காரரின் கையில் கொடுத்து, அதைப் படித்துவிட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். தொட்டிக்கான விண்ணப்பத்தை நான் இந்த ஆவணியில் கொடுக்கப்போகிறேன். பட்டா பிரிந்துவிட்டதால், இம்முறை பெரியப்பாவின் விடுப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.