பொலிகாளைக்கு வால்முடிச் சோதனை: குளுவாங் மருந்துக்கடைச் சேவை எப்படி?

ஜொகூரின் குளுவாங் டவுனில் மாட்டு மருந்து விற்கும் கடையொன்று, வால்முடி மாதிரியை வாங்கி மரபணுச் சோதனைக்காக ஆஸ்திரேலிய ஆய்வகத்துக்கு அனுப்பித் தருகிறது. செம்பனைத் தோட்டத்தில் பிராமன் என்ற திமில் மாட்டினத்தின் கலப்பு மாடு மேய்ப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். சோதனை விண்ணப்பப் பாரம் நிரப்புவதை மட்டும் கடையில் விட்டுவிடாதீர்கள்.

பிராமன் ரத்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது பொம்பே (Pompe) என்ற பரம்பரை நோய். உடலில் சேமிக்கப்படும் சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்கும் என்சைம் இல்லாததால், கிளைக்கோஜன் கன்றின் தசையில் சேர்ந்துகொண்டே போகும். பிறக்கும்போது கன்று நன்றாகத்தான் இருக்கும். போகப்போக வளர்ச்சி குன்றும், மந்தையோடு நடக்க முடியாது, எழுந்திருக்கத் தடுமாறும். ஒரு வயதைத் தாண்டுவது அரிது. எஸ்டேட்டில் இதைப் பூச்சித் தொல்லை என்று நினைத்துக் குடற்புழு மருந்தாக ஊற்றுவார்கள். பலன் இருக்காது. மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி உருவாக்கிய பிராக்மாஸ் இனமும், பிராமனும் உள்ளூர் கெடா-கிளந்தான் மாடும் சேர்ந்த கலப்புதான். பிராமன் பக்கத்திலிருந்து கோளாறு இறங்கி வரலாம்.

தாய், தகப்பன் இரண்டும் கேரியராக, அதாவது நோயில்லாமல் கோளாறு மரபணுவை மட்டும் சுமப்பவையாக இருந்தால்தான் நோய்க்கன்று பிறக்கும், அதுவும் நான்கில் ஒன்று. கேரியர் மாட்டைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது, கொழுகொழுவென்று இருக்கும். இங்கே ஒரே காளையை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு, அதன் கிடாரிகளையும் அதனுடனேயே சேர விடுகிறார்கள். ஆபத்தே அதுதான். காளை கேரியர், பசுக்கள் சுத்தம் என்றாலும் கிடாரிகளில் பாதி கேரியர். அவற்றைத் தகப்பனோடு சேர்த்தால் எட்டில் ஒரு கன்று போய்விடும். அதனால் மந்தை முழுவதையும் சோதித்துக் காசை இறைக்க வேண்டாம், காளையைச் சோதியுங்கள். காளை சுத்தமென்றால் எந்தப் பசுவுக்கும் நோய்க்கன்று பிறக்காது.

முடியை ஒட்டி அனுப்பக் கடை தரும் அட்டை தரமானது, பசை நன்றாகப் பிடிக்கிறது. வால் குஞ்சத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். ஐந்தாறு முடியைத் தோலை ஒட்டி விரலில் சுற்றி வெடுக்கென்று இழுக்க வேண்டும், வெட்டக்கூடாது. முடிநுனியில் வெள்ளைக் குமிழ் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஆய்வகத்துக்கு வேண்டியது அந்த வேர்தான். இருபது முப்பது முடி சேர்ந்ததும் வேர்ப்பக்கத்தைப் பசையில் ஒட்டி, மிச்சத்தைக் கத்தரியுங்கள். அடுத்த மாட்டைத் தொடுமுன் கையைத் துடையுங்கள். இரண்டு மாட்டு முடி கலந்தால் முடிவு குழம்பும். காது வில்லை எண்ணை அங்கேயே, மாட்டின் பக்கத்தில் நின்று எழுதுங்கள். இரட்டைக் கன்றாகப் பிறந்த மாட்டுக்கு ரத்தம் எடுக்க வேண்டாம், கூடப்பிறந்ததன் ரத்த அணுக்கள் கலந்திருக்கும், வால்முடியே நம்பத்தக்கது.

குறை, கடை அதையெல்லாம் போட்டு அனுப்பும் பிளாஸ்டிக் பை. நம்மூர் ஈரத்துக்கு உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். காகித உறை கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு பெரிய குறை பாரம். 'மரபணுச் சோதனை' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. எந்தக் கோளாறு என்று குறிக்க இடமில்லை. ஆங்கஸ் மாட்டின் வளைந்த கன்று நோய்க்கான சோதனை பிராமனுக்கு உதவாது. பிராமன் என்றால் பொம்பேயை உண்டாக்கும் மரபணு மாற்றங்களான இ7 (E7), இ13 (E13) இரண்டையும் ஓரத்தில் கையால் எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். 'சுத்தம்' என்று முடிவு வந்தால், அது கேட்ட கோளாறுக்கு மட்டும்தான் பொருந்தும்.

கேரியர் என்று வந்த காளையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அதற்கு நோய் வராது, இறைச்சிக்கும் குறையில்லை. இனவிருத்தியிலிருந்து விலக்கிக் கொழுக்க வைத்து ஹஜ்ஜுப் பெருநாள் சந்தைக்குக் கொடுக்கலாம். கேரியர் பசுவைச் சுத்தமான காளையோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் கன்றுகளில் பாதி கேரியராக வரும். காளைக்கன்றைப் பொலிக்கு விடுமுன் அதற்கும் ஓர் அட்டை வாங்குங்கள்.