கர்ப்பிணிகளுக்கான புரோபயாட்டிக் மாத்திரை: அட்டை சொல்வதும் ஆய்வு சொல்வதும்

என் மனைவிக்காக வாங்கிய, நன்மை தரும் பாக்டீரியா அடங்கிய இந்த மாத்திரையின் அட்டை, தாயின் குடல் நுண்ணுயிரிகள் வழியாகக் குழந்தையின் மனநலத்தைக் காப்பதாக உறுதி கூறுகிறது. உள்ளிருக்கும் துண்டுச்சீட்டு அதற்கு ஆதாரமாகக் காட்டுவது, ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியினர் 2016-இல் வெளியிட்ட எலி ஆய்வு. கொழுப்பு மிகுந்த உணவு உண்ட தாய் எலிகளின் குட்டிகள் பிற எலிகளோடு பழகாமல் ஒதுங்கியதும், லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்னும் பாக்டீரியாவைக் கொடுத்தபின் அவை மீண்டும் பழகத் தொடங்கியதும் உண்மைதான். ஆனால் அது கொடுக்கப்பட்டது தாய்க்கு அல்ல, பால் மறந்த குட்டிகளுக்கு, குடிநீரில் கலந்து. மருந்துக்கடைக்காரருக்கு இது தெரியாதிருக்கலாம், தயாரித்தவருக்குத் தெரியாதா? அட்டையில் பாக்டீரியாவின் பெயர் இருக்கிறது, அதிலேயே எந்த உள்வகை என்று காட்டும் எண் இல்லை. மனைவிக்கு மலச்சிக்கல் சற்றுக் குறைந்தது. அதற்காக மட்டும், மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்கலாம்.