சப்சிஸ்டத்தின் வாசலில் நான்கு வருடம்

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நாலு வருஷமா இந்த சிமுலேஷன் மென்பொருளை வச்சுத்தானே மாடல் போடுறீங்க, எங்க டீமுக்கு வாங்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின நாள்தான், ஒரே ஒரு கோட்டை அழித்துத் திரும்ப வரைந்ததில் என் மாடலின் முடிவு மாறிப்போயிருந்தது. அந்தக் கோபத்தோடு பதில் சொன்னால் நியாயமாக இருக்காது என்று தோன்றியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மென்பொருளின் பெயர் வேண்டாம். தொழிற்கூடம் போன்ற இடங்களில் வேலை எப்படி நகர்கிறது என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கானது. பிளாக்குகளை இழுத்துப் போட்டு, கோடுகளால் இணைத்து, உருப்படிகளை, அதாவது வேலை நடக்க வேண்டிய பொருட்களை, ஓடவிடும் வகை. வரிசை, இயந்திரம், வாயில், பிரிப்பான் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பழகிய பிளாக்குகள்தான். வேகம் நன்றாக இருக்கிறது, அனிமேஷன் நன்றாக இருக்கிறது, ரிப்போர்ட்டுகள் அழகாக வருகின்றன. விளம்பரப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் உண்மை. நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்: ஓர் உருப்படி சப்சிஸ்டத்துக்குள் எப்போது நுழைகிறது?

இருபது பிளாக்குகளைத் தேர்ந்தெடுத்து சப்சிஸ்டம் ஆக்கினால் அவை ஒரே பெட்டிக்குள் போய்விடும். பெட்டிக்கு இடப்பக்கம் ஒரு நுழைவுப் புள்ளி, வலப்பக்கம் ஒரு வெளியேறும் புள்ளி. பார்க்க வாசல் வைத்த வீடு மாதிரியே இருக்கும். உருப்படி வாசலைத் தொட்டதும் உள்ளே வந்துவிட்டது என்று கண் நம்பிவிடும்.

உண்மையில் அந்தப் பெட்டிக்கென்று இடமே கிடையாது. பிளாக்குகளில் இரண்டு வகை உண்டு. வரிசையும் இயந்திரமும் உருப்படியைத் தாங்கி நிற்கும். பிரிப்பானும், உருப்படியின் மேல் பண்பு (ஒரு குறிப்பு) எழுதும் பிளாக்கும், எண்ணும் பிளாக்கும் கடந்துபோக மட்டும் விடும். நுழைவுப் புள்ளி இந்த இரண்டில் எதிலும் சேராது. அது வெறும் பெயர்ப்பலகை. வெளியே இருக்கும் இயந்திரம் "வேலை முடிந்தது, எடுத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டால், அந்தக் கேள்வி எல்லையைத் தாண்டி உள்ளே போய், உருப்படியைத் தாங்கக்கூடிய முதல் பிளாக்கை எட்டும். அங்கே இடமில்லை என்றால் உருப்படி நகராது. வேலை முடிந்த பிறகும் பழைய இயந்திரத்திலேயே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். திரையில் அது வாசலுக்கு ஒரு விரல் தள்ளி இருப்பதுபோலத் தெரியும். கணக்கில் அது வேறு ஒருவருடைய இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்பதற்கு என் இரண்டாவது வருடத்து மாடல் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தொழிற்கூடம். கழுவும் இயந்திரங்கள் மூன்று, அவற்றுக்கு அடுத்து பெயின்ட் பிரிவு. பெயின்ட் பிரிவை சப்சிஸ்டம் ஆக்கியிருந்தேன். உள்ளே முதலில் பெயின்ட் படக்கூடாத இடங்களை மறைக்கும் ஒரே ஒரு மாஸ்கிங் மேசை, அப்புறம் ஸ்ப்ரே பூத், கடைசியில் உலர்த்தும் அடுப்பு. மாடலை ஓடவிட்டால், கழுவும் இயந்திரங்கள் 97 சதவீத நேரம் பயன்பாட்டில் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. இப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது "நான்காவது இயந்திரம் வேண்டும்" என்பதுதான். எனக்கும் அதுதான் தோன்றியது. பரிந்துரையின் வரைவில் எழுதியும் விட்டேன்.

அனுப்புவதற்கு முன் பழக்கத்தில் லிட்டில் விதியைப் போட்டுப் பார்த்தேன். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த அந்த எளிய உறவுதான்: உள்ளே இருக்கும் சராசரி எண்ணிக்கை, வருகை வீதத்தையும் உள்ளே கழியும் சராசரி நேரத்தையும் பெருக்கியதற்குச் சமம். என் மாடலில் மணிக்கு 12 உருப்படிகள் வருகின்றன. பெயின்ட் பிரிவில் ஓர் உருப்படிக்குச் சராசரியாக 40 நிமிடம் ஆவதாக என் அளவீடு சொன்னது. அப்படியானால் உள்ளே சராசரியாக 8 இருக்க வேண்டும். நுழைவுக் கோட்டில் வைத்திருந்த எண்ணும் பிளாக்கோ 6.5 என்றது.

ஒன்றரை உருப்படி காணோம். சிமுலேஷனில் உருப்படி தானாகக் காணாமல் போகாது. எங்கோ இரண்டு கடிகாரங்கள் வேறுவேறு இடத்தில் ஓடுகின்றன என்றுதான் அர்த்தம். தேடிப் பிடிக்க ஒரு முழு நாள் ஆனது. பெயின்ட் பிரிவுக்கான நேரத்தை அளக்கத் தொடங்கும் நேர முத்திரையை நான் கழுவும் இயந்திரத்தின் "வேலை முடிந்ததும்" என்ற இடத்தில் எழுதியிருந்தேன். வேலை முடிந்தால் அடுத்த நொடி பெயின்ட் பிரிவுதானே என்று நினைத்தேன். ஆனால் வேலை முடிவதும் உருப்படி கிளம்புவதும் ஒன்றல்ல. மாஸ்கிங் மேசை காலியாகும்வரை அது சராசரியாக 7.5 நிமிடம் கழுவும் இயந்திரத்திலேயே நின்றிருக்கிறது. எண்ணும் பிளாக், கோட்டைக் கடந்ததைத்தான் எண்ணியது. ஆக நேரத்தில் அந்த 7.5 நிமிடம் இருந்தது, எண்ணிக்கையில் இல்லை. மணிக்கு 12, தலைக்கு 7.5 நிமிடம்: சரியாக ஒன்றரை உருப்படி.

அதோடு 97 சதவீதமும் அவிழ்ந்துவிட்டது. ஓர் இயந்திரம் மணிக்கு 4 உருப்படிகளைக் கழுவுகிறது, ஒன்றுக்கு 7 நிமிடம். உண்மையான வேலை 28 நிமிடம். அடைபட்டு நின்றது 30 நிமிடம். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டி, "பயன்பாடு" என்று பெயர் வைத்து, ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். பாதி நேரம் சும்மா அடைபட்டிருந்த இயந்திரத்துக்குத் துணையாக இன்னொன்று வாங்கச் சொல்ல இருந்தேன். வேண்டியிருந்தது இரண்டாவது மாஸ்கிங் மேசை. அதுவோ சப்சிஸ்டத்துக்குள் மறைந்திருந்தது.

இங்கே நியாயமாகவும் பேச வேண்டும். இது அந்த மென்பொருள் செய்த பிழை அல்ல. இந்தத் துறை பிறந்ததிலிருந்தே இப்படித்தான். 1961-இல் ஐபிஎம்மில் ஜெஃப்ரி கார்டன் உருவாக்கிய ஜிபிஎஸ்எஸ் என்ற சிமுலேஷன் மொழியிலும், ஒரு பிளாக் அனுமதி மறுத்தால் உருப்படி முந்தைய பிளாக்கில்தான் நிற்கும். 1976-இல் பெர்னார்ட் ஸீக்லர் முன்வைத்த டெவ்ஸ் என்ற சிமுலேஷன் கோட்பாட்டிலும், பல மாடல்களைச் சேர்த்துக் கட்டிய கூட்டு மாடலுக்குத் தனக்கென ஒரு நிலை கிடையாது. வாசலுக்கு வருவதை உள்ளே இருக்கும் ஏதோ ஒரு மாடலின் வாசலுக்குத் திருப்பிவிடுவது மட்டுமே அதன் வேலை. தத்துவமாகப் பார்த்தால் சுத்தமான ஏற்பாடு. சப்சிஸ்டத்தைப் பிரித்துப் போட்டாலும் சேர்த்துக் கட்டினாலும் விடை மாறாது என்ற உறுதி அதிலிருந்துதான் வருகிறது. அந்த உறுதியை நான் மதிக்கிறேன். பெட்டிக்குள் போட்டதும் விடை மாறும் மென்பொருளை யாரும் நம்ப முடியாது.

என் கோபம் வேறு இடத்தில். சிமுலிங்க் என்ற இன்னொரு மென்பொருளில் வெறும் தோற்றத்துக்கான சப்சிஸ்டம் வேறு, ஒரே அலகாக இயங்கும் சப்சிஸ்டம் வேறு என்று வெளிப்படையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் எதைப் போடுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் பயன்படுத்துவதில் அப்படி ஒரு பிரிவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வாசல் மாதிரி வரைந்துவிட்டு, அது வாசல் இல்லை என்பதைக் கையேட்டின் நடுவில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். படம் போட்டு மாடல் செய்யும் கருவியில் படம்தான் மொழி. அந்த மொழி தவறாகச் சொன்னால், சிறிய எழுத்தில் திருத்தம் போட்டுப் பயனில்லை.

சரி, பிடித்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மிகவும் பிடித்திருக்கிறது. கோடே இல்லாமல், பெயரை மட்டும் சொல்லி உருப்படியை சப்சிஸ்டத்துக்குள் அனுப்பும் வசதி. ஒரு பக்கம் "எறி" பிளாக், உள்ளே ஒரு "பிடி" பிளாக். ஐந்து உற்பத்தி வரிசைகளுக்கும் பொதுவாக ஒரே பழுதுபார்க்கும் பிரிவு இருக்கும் மாடலில் இதன் அருமை தெரிந்தது. ஐந்திலிருந்தும் கோடு இழுத்திருந்தால் திரை சிலந்தி வலை ஆகியிருக்கும். நான் செய்தது இவ்வளவுதான்: கிளம்பும்போது ஒவ்வொரு உருப்படியிலும் "எங்கிருந்து வந்தேன்" என்று ஒரு பண்பை எழுதினேன். பழுது பார்த்து முடிந்ததும் உருப்படி அந்தப் பண்பைப் படித்துத் தன் வரிசைக்குத் தானே திரும்பியது. ஆறாவது வரிசை வந்தபோது பழுதுபார்க்கும் பிரிவைத் திறக்கக்கூட இல்லை. ஜிபிஎஸ்எஸ்ஸில் துணை நிரலுக்குப் போகும் உருப்படி, திரும்பி வர வேண்டிய இடத்தைத் தன் பண்பிலேயே குறித்துக்கொண்டு போகும். அதே யோசனைதான். எனிலாஜிக் என்ற வேறொரு சிமுலேஷன் மென்பொருளிலும் இதற்கு நெருக்கமாக, இருக்கும் உருப்படியைக் குறிப்பிட்ட இடத்தில் செருகும் "என்டர்" பிளாக் இருக்கிறது. ஆனால் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும் என்ற அளவுக்கு இதை எளிமையாக்கியது நான் பயன்படுத்தும் மென்பொருளின் சாதனை என்றே சொல்வேன். அந்த வாரம் முழுக்க வேலை செய்ய உற்சாகமாக இருந்தது.

இப்போது போன வாரத்துக் கதை. இரண்டு வரிசைகள் ஒரே நுழைவுப் புள்ளியில் சேருகின்றன. மாடல் கடிகாரத்தில் 480-ஆவது நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓர் உருப்படி தயார். உள்ளே இடம் ஒன்றுக்குத்தான். யார் முதலில்? கோட்டை முதலில் வரைந்தது எதுவோ அதுதான். படத்தைச் சற்று அழகாக்கலாம் என்று மேல் கோட்டை அழித்து வளைவு இல்லாமல் திரும்ப வரைந்தேன். வேறு எதையும் தொடவில்லை. மறுபடி ஓடவிட்டால் மேல் வரிசையின் காத்திருப்பு நேரம் கூடியிருந்தது, கீழ் வரிசையில் குறைந்திருந்தது. இப்போது அந்தக் கோடு வயதில் இளையது அல்லவா, அதனால் எல்லாச் சமநேரத்திலும் அது பின்னால் நிற்கிறது.

ஒரே நேரத்தில் நடக்கும் நிகழ்வுகளுக்கு ஏதோ ஒரு வரிசைமுறை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முறை என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மவுஸை எந்த வரிசையில் நகர்த்தினேன் என்பது தொழிற்கூடத்தின் விதி ஆகக் கூடாது.

இப்போதெல்லாம் எந்த சப்சிஸ்டமும் வெறும் வாசலோடு என் மாடலில் இருப்பதில்லை. நுழைவுப் புள்ளிக்குள் கால் வைத்ததும் ஒரு முன்னுரிமை வரிசை பிளாக், இத்தனை பேர் நிற்கலாம் என்ற அளவோடு. உண்மையான தொழிற்கூடத்தில் அங்கே நிற்க இடமில்லை என்றால் அந்த வரிசையை உள்ளே வைக்காமல், கழுவும் இயந்திரத்தில் "வேலை", "அடைப்பு" என்று இரண்டு தனி அளவீடுகள். சப்சிஸ்டம் முழுவதற்கும் கொள்ளளவு வேண்டுமென்றால் வாசலில் ஒரு டோக்கன் வாங்கி, வெளியேறும்போது திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. 12 டோக்கன் என்றால் உள்ளே 12 உருப்படிதான். நேர முத்திரையும் எண்ணும் பிளாக்கும் டோக்கன் வாங்கிய அதே இடத்தில். ஜிபிஎஸ்எஸ்ஸில் கொள்ளளவு ஒன்றை அறிவித்துவிட்டு, உள்ளே போக ஒரு பிளாக், வெளியே வர ஒரு பிளாக் என்று எழுதுவார்களே, அதையேதான் நான் கையால் கட்டுகிறேன். இதை ஒரு வார்ப்பாகச் சேமித்து வைத்திருக்கிறேன். புதிய சப்சிஸ்டம் என்றால் அதிலிருந்துதான் தொடங்குவேன். இந்த வார்ப்பைப் போட்ட பிறகு லிட்டில் விதி ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை.

நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நான் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன், அடுத்த வருடமும் இதில்தான் வேலை செய்வேன். அந்த எறி, பிடி பிளாக்குகளை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் டீமில் ஆறு பேரும் புதியவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "அது வாசல் இல்லை" என்று சொல்ல ஆள் இல்லாமல், 97 சதவீதத்தை நம்பி ஒரு பரிந்துரை உங்கள் டீமிலிருந்து போவதை நான் விரும்பவில்லை.

எந்த மென்பொருளைப் பார்க்கப் போனாலும், விற்பவர் அனிமேஷனை ஓட்டிக் காட்டும் முன் இதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு ஓர் உருப்படி வருகிறது, ஒரு வரிசையில் நிற்கிறது. அடுத்து 2 நிமிடம் எடுக்கும் ஓர் இயந்திரம். அதற்கடுத்து ஒரு சப்சிஸ்டம், அதற்குள் 10 நிமிடம் எடுக்கும் ஒரே ஒரு நிலையம். நீண்ட நேரம் ஓடவிட்டு முதல் இயந்திரத்தின் ரிப்போர்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். 20 சதவீதம் வேலை, 80 சதவீதம் அடைப்பு என்று தனித்தனியாக வந்தால் மேலே பேசலாம். 100 சதவீதம் பயன்பாடு என்று ஒரே எண் வந்தால், அந்த 80 எங்கே போனது என்று அவரிடம் கேளுங்கள்.