கருப்பு பிளாஸ்டிக்கில் படிந்த வேக்ஸ்: எண்ணெயா, ஆல்கஹாலா?

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் பாளையங்கோட்டைத் தெருக்களில் நிற்கும் கார்களைப் பார்த்தாலே போதும், எதற்கெல்லாம் அவசரமாக வேக்ஸ் பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பெயின்ட் பளபளவென்று இருக்கும். அதை ஒட்டியிருக்கும் கருப்பு பிளாஸ்டிக்கில், வீல் ஆர்ச்சிலும் கதவுக்குக் கீழே ஓடும் கிளாடிங்கிலும் பம்பரின் அடியிலும், வெள்ளை வெள்ளையாகத் தீற்றல். எங்கள் வண்டிக்கும் அதே கதிதான். வாட்டர் சர்வீஸில் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் ஒரே துணியால் துடைத்துவிட்டார்கள். ஷாம்பு போட்டுக் கழுவினால் போகிற சாதி இல்லை அது. "தேங்காய் எண்ணெய் தடவுங்க அண்ணாச்சி, புதுசு மாதிரி ஆயிடும்" என்றான் அங்கே வேலை பார்க்கும் பையன். மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர், போன் போர்டைத் துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் போடச் சொன்னார். இரண்டையும் போட்டுப் பார்த்தாயிற்று. என் ஓட்டு ஆல்கஹாலுக்கு.

எதைப் போடுவதற்கு முன்பும் அது வேக்ஸ்தானா என்று பாருங்கள். பூஜைக்குப் பூசிய சந்தனம் காய்ந்தாலும் இப்படித்தான் இருக்கும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும் அதற்கு. போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் விழுவது உப்புப் புள்ளி. பிளாஸ்டிக் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் நிறமாகியிருந்தால் அது வெயிலில் வெளுத்தது, இந்தக் கட்டுரையில் வரும் எதுவும் அதைச் சரி செய்யாது. வேக்ஸ் என்றால் துணி போன போக்கில் வளைவு வளைவாக, பெயின்ட் ஓரத்தை ஒட்டியே இருக்கும்.

பெட்ரோல், தின்னர் இரண்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும் பயம் ஒருபுறம் இருக்க, தின்னர் பக்கத்துப் பெயின்டைக் கெடுக்கும், சில வகை பிளாஸ்டிக்கை இளக்கியும் விடும். மண்ணெண்ணெய் மெழுகை நன்றாகவே கரைக்கும், ஆனால் எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில் பட்டால் ரப்பர் ஊதிப் போகும். பிள்ளைகளின் பென்சில் ரப்பர் வழவழப்பான இடத்தில் சின்னத் தீற்றலுக்கு அருமை. சொரசொரப்பான கிளாடிங்கில் மேடுகள் மட்டும் சுத்தமாகும், குழிகள் வெள்ளையாகவே நிற்கும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளைப் பஞ்சு உண்மையில் நைசான உப்புத்தாள் மாதிரி வேலை செய்வது. அழுத்தித் தேய்த்தால் சொரசொரப்பே மழுங்கி அந்த இடம் மட்டும் மினுங்கும். சித்திரை வெயிலில் நிறுத்தினால் தானே உருகிவிடும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: பல கார் வேக்ஸ்களில் சேர்க்கும், பிரேசிலில் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு உருக 80 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். அக்னி நட்சத்திரத்துக்கும் அவ்வளவு திராணி கிடையாது.

சரி, எண்ணெய். இதை லேசில் ஒதுக்க முடியாது, ஏனென்றால் தடவிய நிமிடமே பலன் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் பீனட் பட்டரைத் தேய்ப்பதும் கிட்டத்தட்ட இதே வைத்தியம்தான், கடலை எண்ணெய் செய்யும் வேலை அது. (அதைக் காரில் தடவிவிட்டு எறும்பையும் எலியையும் யார் விரட்டுவது?) ஆனால் எண்ணெய் தடவியதும் வெள்ளை பெரும்பாலும் மறைகிறதே தவிர, போவதில்லை. பல பாலிஷ்களில் மெழுகோடு தேய்ப்புக்கான நைசான பொடியும் கலந்திருக்கும். அது பிளாஸ்டிக்கின் குழிகளில் இறங்கிக் காய்ந்துவிடுகிறது. காய்ந்த துகள்களுக்கு நடுவே காற்று நிற்பதால் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் அந்தக் காற்றின் இடத்தைப் பிடித்ததும் சிதறல் குறைந்து அடியிலுள்ள கருப்பு தெரிகிறது. வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிவதும் இதனால்தான். பிரஷ் போட்டுத் தேய்த்தால் மெழுகு கொஞ்சம் எண்ணெயோடு இளகி வரும் என்பதும் உண்மை. முழுசாக வருவதில்லை.

எனக்கு இந்த வழக்கில் தீர்ப்பு சொன்னது தூசிதான். எண்ணெய் பூசிய பிளாஸ்டிக்கோடு ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஒரு தடவை போய் வாருங்கள். காற்றாலைகளைச் சுற்றிவிடும் அதே காற்று மண்ணையும் அள்ளி வீசும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் என்றால் கேட்கவே வேண்டாம். எண்ணெய்ப் பசை அத்தனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும், கருப்பாக இருந்தது செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். சரி என்று ஷாம்பு போட்டால் எண்ணெய் கழன்று பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும், இப்போது குழிகளில் செம்மண்ணும் கூட. மறுபடி எண்ணெய், மறுபடி தூசி. அந்த மாதங்களில் சாரல் விழும் தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் ஓடும் வண்டிக்கு எண்ணெய் என்பது வாராவாரம் வட்டி கட்டுகிற கடன்.

ஆல்கஹாலில் அந்தத் தொடர்கதை இல்லை. தன் வேலையை முடித்துவிட்டு ஆவியாகிப் போய்விடும், தூசி ஒட்டுவதற்கு ஒரு பசையும் மிஞ்சாது. மெழுகையும் பாலிஷின் எண்ணெய்களையும் இளக்கிப் பிடிப்பை விடச் செய்யும். பொடியைக் கிளப்ப பிரஷ் வேண்டும். முதலில் ஷாம்பு போட்டுக் கழுவி, வண்டியை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக் ஆறட்டும். சூட்டில் ஊற்றினால் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். சரிபாதி ஆல்கஹால், சரிபாதி கேன் தண்ணீர். போர் தண்ணீர் கலந்தால் உப்பு விழும். பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காசு கொடுத்துப் போட்ட வேக்ஸ் அங்கேயும் கழன்றுவிடும். பிரஷ்ஷை நனைத்து, ஒரு சாண் அளவுக்கு மட்டும் தேய்த்து, காய்வதற்கு முன்பே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றி எடுப்பதை விட்டால் கிளம்பிய பொடி மறுபடி அதே குழியில் உட்காரும், ஆல்கஹால் சரியில்லை என்று பேர் வரும். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் சிக்கும், மைக்ரோஃபைபர் நல்லது. ஆழமாகப் படிந்த இடத்துக்கு இன்னொரு சுற்று வேண்டியிருக்கும். பக்கத்தில் பீடி, ஊதுபத்தி எதுவும் கூடாது, நம் ஊர்ச் சூட்டில் ஆல்கஹால் ஆவி சுலபமாகப் பற்றும்.

குறை இல்லாமல் இல்லை. வெள்ளையோடு கம்பெனியிலிருந்தோ ஷோரூமிலிருந்தோ வந்த பளபளப்பும் போய், பிளாஸ்டிக் ஒரு மாதிரி வறண்ட கருப்பாக நிற்கும். பக்கத்து வீட்டில் எண்ணெய் தடவிய வண்டி அன்றைக்கு இதைவிட அழகாகத்தான் இருக்கும். அது பிடிக்காதவர்கள் கருப்பு பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பூச்சான டிரிம் டிரெஸ்ஸிங்கில் தண்ணீர் அடிப்படையிலானதைக் கொஞ்சமாகப் போட்டுத் துடைத்துவிடலாம். எண்ணெய் மாதிரி வழியும் சிலிகான் வகையைப் போட்டால் தூசிக் கதை திரும்பத் தொடங்கும். நான் ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறேன். எப்போதாவது ஒரு தடவை ஆல்கஹால் போட்டதில் பிளாஸ்டிக்குக்குக் கெடுதல் எதையும் பார்க்கவில்லை. மாதாமாதம் போடுகிற அளவுக்கு எனக்கு அனுபவம் கிடையாது, தேவையும் வரவில்லை.

இரண்டு இடங்களில் மட்டும் பாட்டிலை எடுக்காதீர்கள். அண்மையில் டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்த கதவு, பம்பர் என்றால் பெயின்ட் முழுதாக இறுகும்வரை அதன் ஓரத்தில்கூட ஆல்கஹால் படக்கூடாது. அப்புறம், படிந்திருப்பது வேக்ஸ் இல்லாமல், பெயின்ட் மேல் பூசி இறுகவிடும் செராமிக் கோட்டிங்காக இருந்து அது இறுகியும் போயிருந்தால், ஆல்கஹால், எண்ணெய் இரண்டுக்குமே அது அசையாது. போட்டவரிடமே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள்.