கியூ ஆவணக்காப்பகத்தின் பதக்க அட்டைகள்: ஓர் ஐரிஷ் படைவீரரைத் தேடிய கதை

சென்னையில் பழைய நாணயங்களும் தபால்தலைகளும் விற்கும் ஒருவரிடம் சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு பிரிட்டிஷ் ராணுவப் பதக்கங்களை வாங்கினேன். ஒன்று 1914-15 நட்சத்திரம். மற்றொன்று முதல் உலகப் போரின் வெற்றிப் பதக்கம். நட்சத்திரத்தின் வெறுமையான பின்புறத்திலும் வெற்றிப் பதக்கத்தின் விளிம்பிலும் ஒரே எண், ஒரே பெயர், அதையடுத்து ‘ஆர். டி. ஃபஸ்.’ என்ற சுருக்கம் பொறிக்கப்பட்டிருந்தன. விற்றவர் அதனை ‘ராயல் டெக்கான் ஃபியூசிலியர்ஸ்’ என்று விரித்து, ஹைதராபாத் பக்கத்துப் படை என்று ஒரு கதையையும் சேர்த்து, அந்தக் கதைக்கான விலையையும் வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு ரெஜிமென்ட் பிரிட்டிஷ் படையில் இருந்ததே இல்லை என்பதும், அந்தச் சுருக்கம் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரிஷ் ரெஜிமென்டைக் குறிப்பது என்பதும் எனக்குத் தெரியவந்தது, லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் பதக்க அட்டைத் தேடலால்தான். அந்தச் சேவையைப் பற்றியும், அது நிற்கும் இடத்திலிருந்து மேலே போக நான் நாடிய மற்ற பதிவுகளைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த அட்டைகள் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், யாருக்கு எந்தப் பதக்கம் சேர வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதற்காக ராணுவப் பதக்க அலுவலகத்தின் எழுத்தர்கள் ஆளுக்கு ஓர் அட்டை எழுதினார்கள். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த அட்டைகள் ‘டபிள்யூ.ஓ. 372’ (டபிள்யூ.ஓ. என்பது வார் ஆஃபீஸ், அதாவது பிரிட்டிஷ் போர் அலுவலகம்) என்ற வரிசை எண்ணின் கீழ் வருகின்றன. பெயர், ரெஜிமென்ட், பதவி, படை எண், பெற்ற பதக்கங்கள், அவை பதிவான பட்டியலின் பக்க எண், முதலில் சென்ற போர்க்களம், அங்கே கால்வைத்த தேதி ஆகியவை அட்டையில் இருக்கும். பிறந்த ஊர், வயது, பெற்றோர், மனைவி பற்றி எதுவும் இராது. இது வாழ்க்கைக் குறிப்பு அன்று, பண்டகசாலைப் பேரேடு போன்றது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு போகிறவருக்கு இந்தச் சேவை ஏமாற்றம் தராது. தாத்தாவின் சரித்திரம் கிடைக்கும் என்று போகிறவர் ஐந்து நிமிடத்தில் சலித்துத் திரும்பிவிடுவார்.

தேடல் எளிது. குடும்பப் பெயர், முதற்பெயர், படை எண், ரெஜிமென்ட் ஆகியவற்றில் எது தெரியுமோ அதைக் கொடுக்கலாம். என்னிடம் இருந்த பெயர் அயர்லாந்தில் தெருவுக்கு இருவர் வைத்திருக்கக்கூடிய பெயர் என்பதால், பெயரை மட்டும் கொடுத்தபோது பக்கம் பக்கமாக ஆட்கள் வந்தார்கள். படை எண்ணையும் சேர்த்த பிறகே ஒருவர் மிஞ்சினார். எண்ணை மட்டும் நம்புவதும் சரியன்று. 1920 வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒவ்வொரு ரெஜிமென்டும் தனக்கென்று தனி எண் வரிசை வைத்திருந்ததால், ஒரே எண் வெவ்வேறு ரெஜிமென்டுகளில் வெவ்வேறு ஆட்களுக்கு இருந்திருக்கிறது. பெயர், எண், ரெஜிமென்ட் மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே ஆள் கிடைத்தார் என்று கொள்ளலாம். கையெழுத்தைப் பார்த்துத் தட்டெழுதியவர்கள் இடையிடையே எழுத்துகளைப் பிழையாகப் படித்திருப்பதால், ஒரு பெயர் கிடைக்காவிட்டால் அதன் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் கட்டணம் உண்டு. 2020-இல் பெருந்தொற்றுக்காக வாசகர் கூடங்களை மூடியபோது, பெயர் பதிந்துகொண்டவர்களுக்குப் பதிவிறக்கத்தை இலவசமாக்கினார்கள். நான் இறக்கியபோதும் யாரும் காசு கேட்கவில்லை. குறை சொல்ல வேண்டியது படத்தின் தரத்தைப் பற்றித்தான். நுண்படச் சுருளிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. ஒரே தாளில் ஆறு அட்டைகள் வரும், நம்முடையதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். மூல அட்டையில் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகள் சாம்பல் கோடுகளாகத் தெரிகின்றன. அட்டையின் பின்பக்கம் அறவே இல்லை. பெரும்பாலான அட்டைகளின் பின்பக்கம் வெறுமையானதுதான் என்றாலும், அதிகாரிகளின் அட்டைகளில் பதக்கத்தை அனுப்பிய வீட்டு முகவரி அங்கேதான் இருக்கும். மூல அட்டைகளை வெஸ்டர்ன் ஃபிரண்ட் அசோசியேஷன் என்ற அமைப்பு அழிவிலிருந்து காப்பாற்றி வாங்கிக்கொண்டது. இருபக்கமும் வண்ணத்தில் எடுத்த படங்கள் ஆன்செஸ்ட்ரி என்னும் சந்தாத் தளத்தில் இருக்கின்றன. வண்ணப் படத்தைப் பார்த்த பிறகு கறுப்பு வெள்ளையைப் பார்ப்பது கண்ணாடி இல்லாமல் நாளிதழ் படிப்பது போலிருந்தது.

இனி என் அட்டைக்கு வருகிறேன். போர்க்களம் என்ற கட்டத்தில் ‘2பி’ என்றும், தேதிக் கட்டத்தில் 25.4.15 என்றும் இருந்தன. தெரியாதவருக்கு இவை வெறும் கிறுக்கல்; ஆனால் ‘2பி’ என்பது கலிப்போலியைக் குறிக்கும் குறியீடு, 1915 ஏப்ரல் 25 என்பது துருக்கிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கிய நாள். டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் (ரெஜிமென்டின் ஒரு பிரிவு) அன்று காலை ‘வி’ கடற்கரையில், பெரும்பகுதி திறந்த படகுகளிலும் அதன் உட்பிரிவான ஒரு கம்பெனி ‘ரிவர் கிளைட்’ என்ற நிலக்கரிக் கப்பலிலுமாக இறங்கியது. படகுகள் கரையைத் தொடும் முன்பே பலர் சுடப்பட்டு விழுந்தார்கள். பட்டாலியன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ரிச்சர்ட் ரூத் அன்றே இறந்தார். ஐந்து நாளில் எஞ்சியவர்களின் எண்ணிக்கை அவ்வளவு குறைந்துபோனதால், மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ் என்ற மற்றோர் ஐரிஷ் ரெஜிமென்டில் எஞ்சியவர்களுடன் சேர்த்து ஒரே பட்டாலியனாக ஆக்கினார்கள். அதற்கு ‘டப்ஸ்டர்ஸ்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் ஒரு தேதியும் இவ்வளவு தூரம் கொண்டுசென்றன என்பதே இந்தச் சேவைக்கு நான் தரும் பெரிய மதிப்பெண். குறியீடுகளை விளக்கும் வழிகாட்டிப் பக்கங்களையும் ஆவணக்காப்பகமே வைத்திருக்கிறது. அவற்றை முதலில் படித்துவிட்டுத் தேடத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ரெஜிமென்டைப் பற்றித் தேடியபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு காத்திருந்தது. டெக்கான் என்ற கதை பொய்யானாலும், இந்த ஐரிஷ் ரெஜிமென்டின் வேர் நம் ஊரில்தான் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1748-இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதியின் கீழ் ஒழுங்குபடுத்திய மதராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட், பின்னர் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1862-இல் பிரிட்டிஷ் அரச படையில் 102-ஆம் எண் பெற்று, 1881-இல் பம்பாய் ஃபியூசிலியர்ஸுடன் சேர்க்கப்பட்டு ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. ஆற்காடு, பிளாசி, வந்தவாசி, சோளிங்கர் ஆகிய பெயர்கள் அயர்லாந்தின் நாஸ் நகரில் முகாம் வைத்திருந்த ஒரு படையின் போர்ச் சிறப்புகளாக இருந்தன. தொப்பிச் சின்னத்தில் யானையும் புலியும் இருந்தன. மவுண்ட் ரோட்டில் நின்று, பெரும் கிளர்ச்சிக்குப் பின் 1937-இல் அருங்காட்சியகத்துக்கு அகற்றப்பட்ட சிலைக்குரிய ஜேம்ஸ் நீல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, 1857-இல் இந்த மதராஸ் ஃபியூசிலியர்ஸைத்தான் வட இந்தியாவுக்கு நடத்திச் சென்றார். அங்கே அவர் செய்த கொடுமைகளை அறிந்தவர்களுக்கு அந்தச் சிலை ஏன் அகன்றது என்று விளக்க வேண்டியதில்லை. இன்னும் ஒன்று: 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது, முதல் பட்டாலியன் முகாமிட்டிருந்த ஊர் மதராஸ். அடுத்த மாதம் எம்டன் குண்டு வீசிய அதே மதராஸ். என் பதக்கக்காரர் அந்த நாட்களில் இங்கே இருந்தாரா, பின்னர் பிரிட்டனில் வந்து சேர்ந்தவரா என்பதை அட்டை சொல்லாது.

அட்டை சொல்லாததைத் தேடி, லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கியூவுக்கே ஒரு நாள் சென்றேன். டிஸ்ட்ரிக்ட் ரயில் பாதையில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கிச் சற்றுத் தூரம் நடந்தால் போதும். மூல ஆவணங்களைக் கையில் வாங்கிப் பார்க்க வாசகர் சீட்டு வேண்டும். அதற்குப் பெயருக்கு ஒன்றும் முகவரிக்கு ஒன்றும் என இரண்டு சான்றுகள் கேட்பார்கள். உள்ளே பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டுமே. ஊழியர்கள் என் தயக்கமான ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டு, எந்தத் தொகுதியைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே சந்தா கட்டிப் பார்க்க வேண்டிய தளங்கள் அங்கே உள்ள கணினிகளில் இலவசம் என்பதால், ஒரே நாளில் பல வேலைகளை முடிக்க முடிந்தது.

அட்டையில் இருந்த பக்க எண்ணைக் கொண்டு ‘டபிள்யூ.ஓ. 329’ என்ற பதக்கப் பட்டியல்களைப் பார்த்தேன். அட்டையைக் காட்டிலும் பயனுள்ளவை இவைதான் என்பது என் கருத்து. அட்டை ரெஜிமென்டோடு நின்றுவிடும். டப்ளின் ஃபியூசிலியர்ஸில் மட்டும் போர்க்காலத்தில் பல பட்டாலியன்கள் இருந்தன, ஒவ்வொன்றும் வெவ்வேறு களத்தில் நின்றது. வெற்றிப் பதக்கத்துக்கான பட்டியலோ ஆள் எந்தப் பட்டாலியனில் இருந்தார் என்பதைப் பெரும்பாலும் குறிப்பிடுகிறது. என் பதக்கக்காரர் முதல் பட்டாலியனில் இருந்து, பின்னர் தொழிலாளர் படைக்கு மாற்றப்பட்டு, அங்கே வேறொரு எண் பெற்றிருந்தார். காயமடைந்து முன்னணிக்கு உதவாதவர்கள் பலர் 1917-க்குப் பிறகு அந்தப் படைக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். பதக்கத்தின் விளிம்பிலோ இந்த மாற்றத்தின் சுவடு இல்லை. போர்க்களத்துக்கு முதலில் சென்றபோது எந்த ரெஜிமென்டில் இருந்தாரோ அதையே பொதுவாகப் பொறித்தார்கள். விளிம்பை மட்டும் படித்துவிட்டுக் கதை எழுதும் சேகரிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டாலியனின் போர் நாட்குறிப்பு ‘டபிள்யூ.ஓ. 95’ வரிசையில் இருக்கிறது. நாள்தோறும் எங்கே நின்றார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள் என்பது அதில் கிடைக்கும்; அதிகாரிகளின் பெயர்கள் வரும், சாதாரணப் படைவீரரின் பெயரைத் தேடுவது வீண். அவருடைய தனிப்பட்ட பணிப்பதிவையும் தேடினேன். 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் லண்டனில் இருந்த ராணுவப் பதிவுக் கிடங்கு தீப்பற்றியபோது, முதல் உலகப் போர் வீரர்களின் பதிவுகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. தப்பியவை ‘எரிந்த ஆவணங்கள்’ என்ற பெயரிலேயே அறியப்படுகின்றன. என் பதக்கக்காரருடைய பதிவு அவற்றில் இல்லை. இதற்காக ஆவணக்காப்பகத்தைக் குறை சொல்வதற்கில்லை.

தமிழ் வாசகர்கள் இந்தச் சேவையை நாடும் முன் அறிய வேண்டிய எல்லைகள் உண்டு. பாளையங்கோட்டைக் காலாட்படை, மதராஸ் சாப்பர்ஸ் போன்ற இந்தியப் படைகளில் இருந்த நம் முன்னோரைத் தேட இது ஏற்ற இடமன்று. இந்தியப் படையின் பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பற்றிய பதிவுகள் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. போரில் இறந்த இந்தியப் படைவீரராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இலவசத் தேடலில் பெயர் கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களோடு வருகிறவர்களுக்கு வேறொரு சிக்கல்: பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தந்த அந்தப் பதக்கங்களில் பெயரே பொறிக்கவில்லை. யாருடையது என்று வீட்டார் சொன்னால்தான் உண்டு.

டப்ளின் ஃபியூசிலியர்ஸைப் பற்றி மேலும் தேடுகிறவர்கள் டப்ளின் நகர நூலகத்தின் பியர்ஸ் தெரு ஆவணக்காப்பகத்தையும் மறக்கக் கூடாது. அயர்லாந்து தனி நாடானபோது, 1922-இல் இந்த ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. கொடிகளை விண்ட்சர் கோட்டையில் மன்னரிடம் ஒப்படைத்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் சொந்த நாட்டிலேயே இவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. 1996-இல் தொடங்கிய ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் சங்கம் திரட்டிய கடிதங்களும் படங்களும் அந்த நூலகத்தில்தான் இருக்கின்றன. அலுவலகப் பதிவுகளில் கிடைக்காத மனிதக் குரல் அங்கே கிடைக்கும்.

பதக்கம் வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று: விற்பவர் கதை சொல்லத் தொடங்கும்போதே, கைப்பேசியில் அந்த எண்ணையும் பெயரையும் கியூவின் தேடலில் இட்டுப் பாருங்கள். அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழித்திருந்தால் கணிசமான தொகை மிஞ்சியிருக்கும். விளிம்பை விரலால் தடவியும் பாருங்கள். பழைய பெயரை அராவி எடுத்துவிட்டுப் புதுப் பெயர் பொறித்த பதக்கங்களில் விளிம்பு மெலிந்து, விட்டம் வழக்கமான 36 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

நட்சத்திரம் பெற்ற எவருக்கும் வெற்றிப் பதக்கத்தோடு வெள்ளியாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும் சேர்ந்தே வரும். இந்த மூன்றையும் அக்காலத்து நாளிதழ்ச் சித்திரக்கதைப் பாத்திரங்களின் பெயரால் ‘பிப், ஸ்குவீக், வில்ஃபிரட்’ என்று செல்லமாக அழைத்தார்கள். என்னிடம் இருப்பவை இரண்டே. 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது ஏராளமான போர்ப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. மற்ற இரண்டும் வெண்கலம் என்பதால் தப்பின. கியூவில் நான் புரட்டிய பட்டியலில் என் பதக்கக்காரர் பெயருக்கு எதிரே போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் இரண்டும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண் பொறித்த வெள்ளிப் பதக்கம் எங்காவது ஏலத்துக்கு வருகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.